தேசியவெறி: நாடுகள் பல, பாதை ஒன்று

1992-ஆம் ஆண்டு மே 31. போஸ்னியாவின் வடமேற்கில் உள்ள ப்ரியேதோர் நகர வானொலியில் ஓர் உத்தரவு வாசிக்கப்பட்டது. செர்பியர் அல்லாதவர்கள் தங்கள் வீடுகளில் வெள்ளைத் துணியைத் தொங்கவிட வேண்டும். வெளியே வரும்போது கையில் வெள்ளைப் பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு மாதத்துக்கு முன்புதான் செர்பிய தேசியவாதிகள் நகர நிர்வாகத்தைக் கைப்பற்றியிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர், பள்ளித் தோழர், ஒரே சுரங்கத்தில் வேலை பார்த்தவர் என்றிருந்த உறவெல்லாம் அந்த வெள்ளைத் துணியோடு மாறிப்போனது. ஒமார்ஸ்கா, கெராத்தெர்ம், த்ர்னோபோல்யே ஆகிய இடங்களில் தடுப்பு முகாம்கள் முளைத்தன. அந்த வட்டாரத்தில் மட்டும் 3,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர் அல்லது காணாமல் போயினர். அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள்.

இதைப் படிக்கும்போது, "அவர்களுடைய மதம் அப்படி, அவர்களுடைய இனம் அப்படி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடத் தோன்றும். ஆனால் இதே பாதையில் கத்தோலிக்கர் நடந்திருக்கிறார்கள், பௌத்தர் நடந்திருக்கிறார்கள், யூதர் நடந்திருக்கிறார்கள். தமிழர்களும் நடந்திருக்கிறார்கள், முஸ்லிம்களும் நடந்திருக்கிறார்கள். எனவே நோய் ஏதோ ஒரு மதத்தில் இல்லை. அது எங்கே தொடங்குகிறது, எப்படி வளர்கிறது, எந்தக் கட்டத்தில் தடுக்க முடியும் என்பதைத் தெரிந்துகொள்வதற்காகவே இந்த ஒப்பீடு.

தேசப்பற்று வேறு, தேசியவெறி வேறு

பிறந்த மண்ணையும் பேசும் மொழியையும் நேசிப்பது மனித இயல்பு. மக்காவை விட்டுப் புறப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் அந்த ஊரின் மீது கொண்டிருந்த பாசத்தை நாம் அறிவோம். இஸ்லாம் தடுப்பது 'அஸபிய்யா' என்னும் கூட்டவெறியை. ஒருவர் தன் சமூகத்தாரை நேசிப்பது அஸபிய்யாவா என்று நபியவர்களிடம் கேட்கப்பட்டது. அது அல்ல, தன் சமூகத்தார் அநியாயம் செய்யும்போது அதற்குத் துணை நிற்பதே அஸபிய்யா என்ற கருத்தில் அவர்கள் விளக்கமளித்ததாக இப்னு மாஜாவில் ஒரு ஹதீஸ் உள்ளது. அபூதாவூதிலும் இதே கருத்து இடம்பெற்றுள்ளது.

எல்லா நாடுகளுக்கும் பொருந்தும் அளவுகோல் இது. தன் நாடு தவறு செய்யும்போது வெட்கப்படத் தெரிந்தவர் தேசப்பற்றாளர். தவறையே பெருமையாகப் பேசுபவர் தேசியவெறியர்.

முதல் படி: யார் இந்த மண்ணின் மக்கள்?

எல்லா இடங்களிலும் இந்தக் கேள்வியே தொடக்கம். நாட்டில் பிறந்து, வரி செலுத்தி, சட்டத்தை மதித்து வாழ்ந்தால் மட்டும் போதாது என்கிறார்கள். அதற்கு மேல் ஒரு நிபந்தனை வைக்கப்படுகிறது.

ஜெர்மனியில் நாஜிகள் வைத்த நிபந்தனை இரத்தம். முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகப் போரிட்டுப் பதக்கம் பெற்ற யூதர்கள்கூட அந்தச் சோதனையில் தேறவில்லை. இந்தியாவில் சாவர்க்கர் 1923-ல் வெளியிட்ட 'இந்துத்துவா' நூலில் வைத்த நிபந்தனை, தந்தையர் நாடும் புனித நாடும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது. புனிதத் தலங்கள் வெளிநாட்டில் இருப்பதால் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும், எத்தனை தலைமுறையாக இங்கே வாழ்ந்தாலும், அந்த இலக்கணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். மியான்மரில் அரசு 135 இனங்களைப் பட்டியலிட்டது. ரோஹிங்யா என்ற பெயர் அதில் இல்லை. இஸ்ரேல் 2018-ல் இயற்றிய தேசிய அரசுச் சட்டம், அந்நாட்டில் சுயநிர்ணய உரிமை யூத மக்களுக்கு மட்டுமே உரியது என்கிறது. அரபு மொழிக்கு இருந்த ஆட்சிமொழித் தகுதியும் அந்தச் சட்டத்தால் 'சிறப்புத் தகுதி' என்று குறைக்கப்பட்டது.

இரண்டாம் படி: பழைய காயமும் எண்ணிக்கை அச்சமும்

ஒரு பெரும்பான்மைச் சமூகத்தைச் சிறுபான்மையின் மீது ஏவிவிட வேண்டுமென்றால், முதலில் அந்தப் பெரும்பான்மையே பாதிக்கப்பட்டவர்கள் என்று நம்ப வைக்க வேண்டும். செர்பியாவில் அதற்குப் பயன்பட்டது, 1389-ல் கொசோவோவில் உஸ்மானியருடன் நடந்த போர். அதன் 600-ஆம் ஆண்டு நினைவாக 1989 ஜூன் 28 அன்று காஸிமெஸ்தானில் பெருங்கூட்டத்தின் முன் ஸ்லோபோதான் மிலோசெவிச் உரையாற்றினார். மூன்று ஆண்டுகளில் போஸ்னிய முஸ்லிம்கள் 'துருக்கியர்' என்று அழைக்கப்பட்டு, ஆறு நூற்றாண்டுக்கு முந்தைய போருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களாக ஆக்கப்பட்டார்கள். ஜெர்மனியில் முதல் உலகப் போரின் தோல்விக்கு யூதர்களின் துரோகமே காரணம் என்ற பொய் பரப்பப்பட்டது.

அடுத்தது எண்ணிக்கை பற்றிய பயம். 1933-ல் ஜெர்மனியின் மக்கள்தொகையில் யூதர்கள் ஒரு சதவீதம்கூட இல்லை. மியான்மரின் 2014 கணக்கெடுப்பின்படி பௌத்தர்கள் சுமார் 88 சதவீதம், முஸ்லிம்கள் 4 சதவீதத்தைச் சற்றே தாண்டியவர்கள். ஆனாலும் முஸ்லிம்கள் நாட்டைப் பிடித்துவிடுவார்கள் என்று '969' இயக்கமும் அதன் முகமான விராது என்ற பிக்குவும் ஊர் ஊராகப் பரப்பினார்கள். 2015-ல் மதமாற்றம், கலப்பு மணம், பலதார மணம், குழந்தைப்பேறு இடைவெளி ஆகியவற்றைக் கட்டுப்படுத்த நான்கு சட்டங்களே வந்துவிட்டன.

இலங்கையில் 2012 கணக்கெடுப்பின்படி முஸ்லிம்கள் பத்து சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் 2018 பிப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் சிங்களவர்களின் உணவில் கருத்தடை மாத்திரை கலக்கிறார்கள் என்று ஒரு வதந்தி பரவியது. சாப்பாட்டில் கலந்தால் ஒருவரை மலடாக்கும் அப்படியொரு மாத்திரையே உலகில் கிடையாது. அந்த வதந்திக்குக் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அடுத்த மாதமே கண்டி மாவட்டத்தில் திகன பகுதியில் கலவரம் மூண்டது.

மூன்றாம் படி: காகிதம்

நாம் அதிகம் கவனிக்க வேண்டிய படி இதுதான். மேடைப் பேச்சு வரை இருந்த வெறுப்பு, இங்கே அரசாங்க முத்திரை பெறுகிறது.

1935 செப்டம்பரில் நாஜி ஜெர்மனியின் நியூரம்பர்க் சட்டங்கள் யூதர்களின் குடியுரிமையைப் பறித்தன. ஜெர்மானியருக்கும் யூதருக்கும் இடையிலான திருமணத்தைத் தடைசெய்தன. எரிவாயுக் கூடங்கள் வந்தது பிறகு. ருவாண்டாவை ஆண்ட பெல்ஜியம் 1930-களில் ஹுட்டு, துத்சி, த்வா என்று இனத்தைக் குறிப்பிட்டு அடையாள அட்டை கொடுத்தது. விடுதலைக்குப் பிறகும் அந்த அட்டை தொடர்ந்தது. 1994-ல் சாலைத் தடுப்புகளில் நின்ற கொலைக்கும்பல், அந்த அட்டையைப் பார்த்துத்தான் யாரைக் கொல்வது என்று முடிவு செய்தது. மியான்மரின் 1982 குடியுரிமைச் சட்டம் ரோஹிங்யா மக்களை நாடற்றவர்களாக்கியது. 2017-ல் அவர்களைத் துரத்தியபோது, 'இவர்கள் நம் நாட்டவரே அல்ல' என்று சொல்வது அதனால் எளிதாக இருந்தது.

இலங்கையில் 1948-ல், விடுதலை பெற்ற அதே ஆண்டில், குடியுரிமைச் சட்டம் ஒன்று வந்தது. தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழர்கள் சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். தமிழ்த் தலைவர்களில் ஒரு பகுதியினர் அரசோடு இணக்கமாகப் போனார்கள். அதை எதிர்த்துப் பிரிந்த செல்வநாயகம் 1949-ல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தபோது, வடக்கு கிழக்குத் தமிழர்களின் முறை வந்தது. முதலில் பலவீனமானவரிடம் பறிக்கப்படும் உரிமை, அவரோடு நிற்பதில்லை.

இந்தியாவில் 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான அஸ்ஸாம் தேசியக் குடிமக்கள் பதிவேட்டில் 19,06,657 பேர் விடுபட்டிருந்தனர். அவர்களில் இந்துக்களும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம், பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து வந்த ஆறு மதத்தவருக்கு வழி திறந்தது. முஸ்லிம்கள் அந்தப் பட்டியலில் இல்லை. தமிழ்நாட்டு முகாம்களில் பல ஆண்டுகளாக வாழும் ஈழத் தமிழ் அகதிகளுக்கும் அந்தச் சட்டத்தில் இடமில்லை.

நான்காம் படி: சொல்

மனிதனை மனிதன் கொல்லத் தயங்குவான். அதனால் முதலில் அவனை மனிதன் இல்லை என்று ஆக்க வேண்டும். ருவாண்டாவின் ஆர்.டி.எல்.எம். வானொலி துத்சிகளைக் 'கரப்பான்பூச்சிகள்' என்றது. 1994 ஏப்ரலில் தொடங்கி சுமார் நூறு நாட்களில் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது. ஜெர்மனியில் 'டெர் ஸ்டூர்மர்' என்ற வார இதழை நடத்திய யூலியஸ் ஸ்ட்ரைஷர் தன் கையால் யாரையும் கொன்றதாகக் குற்றச்சாட்டு இல்லை. எழுதித் தூண்டிய குற்றத்துக்காக நியூரம்பர்க் தீர்ப்பாயம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. 1946-ல் அது நிறைவேற்றப்பட்டது. ருவாண்டா வானொலியை நடத்தியவர்களும் 2003-ல் சர்வதேச தீர்ப்பாயத்தில் தண்டிக்கப்பட்டார்கள்.

மியான்மரில் அந்த வேலையைச் சமூக வலைத்தளம் செய்தது. தங்கள் தளம் வன்முறையைத் தூண்டப் பயன்பட்டதைத் தடுக்கப் போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று ஃபேஸ்புக் நிறுவனமே 2018-ல் ஒப்புக்கொண்டது. இன்று நம் கைப்பேசியில் வரும் செய்திகளைப் பார்க்கும்போது இது நினைவில் இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: கை

இதற்குப் பிறகு நடப்பவை நமக்குத் தெரிந்தவை. ஐரோப்பாவில் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். 1995 ஜூலையில் ஐ.நா. பாதுகாப்புப் பகுதி என்று அறிவிக்கப்பட்டிருந்த ஸ்ரெப்ரெனிட்சாவில் 8,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் சில நாட்களில் கொல்லப்பட்டார்கள். அது இனப்படுகொலையே என்று சர்வதேச நீதிமன்றம் 2007-ல் உறுதிசெய்தது. 2017 ஆகஸ்ட் 25-க்குப் பிறகு 7 லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்யாக்கள் வங்காளதேசத்துக்கு ஓடினார்கள்.

அரசு எந்திரம் இல்லாமல், அந்தக் கருத்தை உள்வாங்கிய ஒரு தனிமனிதன் போதும் என்பதற்கும் சான்று உண்டு. 1994 பிப்ரவரி 25, ரமளான் மாத வெள்ளிக்கிழமை. ஹெப்ரோனில் இப்ராஹீமி பள்ளிவாசலில் ஃபஜ்ர் தொழுகையில் இருந்தவர்கள் மீது பாரூக் கோல்ட்ஸ்டைன் சுட்டதில் 29 பேர் ஷஹீதானார்கள். அவன் மெயிர் கஹானேயின் 'காக்' இயக்கத்தைச் சேர்ந்தவன். அரபுகளை வெளியேற்ற வேண்டும் என்ற அந்த இயக்கத்தை இஸ்ரேல் அரசே அந்த ஆண்டு தடைசெய்தது. ஆனால் அந்த வழியில் வளர்ந்த, இனவெறியைத் தூண்டியதற்காக 2007-ல் இஸ்ரேலிய நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்ட இத்தமார் பென்கவீர், 2022 இறுதியில் அந்நாட்டின் தேசியப் பாதுகாப்பு அமைச்சரானார். விளிம்பில் இருந்தது மையத்துக்கு வர முப்பது ஆண்டுகளே போதுமானதாக இருந்தன.

ஒருவரிடம் ஒருவர் கற்கிறார்கள்

இந்த இயக்கங்கள் ஒன்றையொன்று கவனித்துப் பாடம் கற்றுக்கொள்கின்றன. 2014 ஜூனில் அளுத்கமையில் முஸ்லிம்கள் மீதான தாக்குதல் தொடங்கிய அதே நாளில்தான் பொது பல சேனா அங்கே கூட்டம் நடத்தியிருந்தது. அதே அமைப்பு செப்டம்பரில் கொழும்பில் நடத்திய மாநாட்டுக்கு மியான்மரின் விராது விருந்தினராக வந்தார். 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் ஜும்ஆவுக்கு வந்தவர்களைச் சுட்டு 51 பேரைக் கொன்றவன், உஸ்மானியருக்கு எதிரான பழைய பால்கன் போர்களின் பெயர்களைத் துப்பாக்கிகளில் எழுதியிருந்தான். வழியில் காரில் அவன் கேட்டது செர்பியப் போர்ப் பாடல். உலகின் மறுகோடியில், போஸ்னியாவைப் பார்த்திராத தொழுகையாளிகள் மீது அந்த வெறி வந்து விழுந்தது.

நம் பக்கமும் பார்க்க வேண்டும்

இந்த ஒப்பீட்டை இங்கே முடித்துவிட்டால் அது நேர்மையாகாது.

1915-ல் உஸ்மானிய ஆட்சியைக் கையில் வைத்திருந்த இளந்துருக்கியர்கள், துருக்கிய தேசியவாதத்தின் பெயரால் ஆர்மேனிய மக்களை ஊர் ஊராக வெளியேற்றினார்கள். லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள், பலர் சிரியப் பாலைவனம் நோக்கிய நடையில் மடிந்தார்கள். 1971-ல் மேற்கு பாகிஸ்தான் இராணுவம் கிழக்கு வங்காளத்தில் கொன்றவர்களில் ஏராளமானோர் கலிமா சொன்னவர்கள்தான். வங்காள மொழி பேசியதும், தேர்தலில் வென்ற உரிமையைக் கேட்டதும் அவர்கள் செய்த குற்றம். பிறகு வங்காளதேசத்தில் உருது பேசும் பிஹாரிகள் தாக்கப்பட்டு, பல்லாண்டுகள் முகாம்களில் நாடற்று வாழ்ந்தார்கள். அங்கே பிறந்தவர்களுக்கு 2008-ல்தான் நீதிமன்றத்தால் குடியுரிமை உறுதியானது.

1990 அக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் ஒலிபெருக்கியில் அழைத்து, உஸ்மானியா கல்லூரி மைதானத்தில் கூட்டி, இரண்டு மணி நேரம் கெடு கொடுத்தார்கள். வடக்கு முழுவதிலுமாக சுமார் 75,000 பேர் கையில் எதுவும் இல்லாமல் புத்தளம் போன்ற இடங்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சிங்களப் பேரினவாதத்தால் எரிக்கப்பட்ட ஒரு சமூகத்தின் பெயரால் இது நடந்தது.

1971-ல் ஒரே மதம் காப்பாற்றவில்லை. 1990-ல் ஒரே மொழி காப்பாற்றவில்லை. அநியாயத்துக்கு ஆளாவது, அநியாயம் செய்யாமல் இருப்பதற்கு உத்தரவாதம் ஆகாது.

எல்லாம் ஒன்றல்ல

ஒப்பிடுவது என்றால் எல்லாவற்றையும் சமமாக்குவது அல்ல. சுதந்திரமான நீதிமன்றமும் தேர்தலும் பத்திரிகையும் இருக்கும் நாட்டில் இந்தப் பாதை இடையில் தடைபடலாம். இலங்கையில் கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் கட்டாயமாக எரிக்கப்பட்டன. உள்நாட்டு எதிர்ப்பும் வெளிநாட்டு அழுத்தமும் சேர்ந்து 2021 பிப்ரவரியில் அந்த உத்தரவைத் திரும்பப் பெற வைத்தன. 2024-ல் அரசு மன்னிப்புக் கேட்கவும் முடிவெடுத்தது. ஹிட்லரின் ஜெர்மனியில் இப்படித் திருத்திக்கொள்ளும் வழிகள் அனைத்தும் அடைக்கப்பட்டிருந்தன. கோபத்தில் எல்லோரையும் 'நாஜி' என்று அழைத்தால் அந்தச் சொல்லின் எச்சரிக்கை மழுங்கிவிடும். எந்த நாடு எந்தப் படியில் நிற்கிறது என்று பார்ப்பதே பயனுள்ளது.

மறுத்தவர்கள்

ஒவ்வொரு படியிலும் மறுத்தவர்கள் இருந்தார்கள். அலெப்போவிலும் பிறகு கொன்யாவிலும் ஆளுநராக இருந்த ஜலால் பே, ஆர்மேனியரை வெளியேற்றும் உத்தரவுக்கு உடன்பட மறுத்துப் பதவியை இழந்தார். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் அல்பேனியா, நாஜிகளிடமிருந்து தப்பிவந்த யூதர்களை மறைத்துக் காத்தது. ருவாண்டாவில் பல முஸ்லிம் குடும்பங்கள் துத்சிகளுக்கு வீட்டிலும் பள்ளிவாசலிலும் அடைக்கலம் தந்தன. 1993 ஜனவரியில் போஸ்னியாவின் த்ரெபின்யே நகரில், ஒரு முஸ்லிம் இளைஞரைத் தன் இனப் படைவீரர்களே தாக்கியபோது குறுக்கே விழுந்து தடுத்தவர் ஸ்ர்ஜான் அலெக்சிச் என்ற செர்பியர். அவரையே அடித்துப் போட்டார்கள். சில நாட்களில் உயிர் பிரிந்தது. காப்பாற்றப்பட்டவர் பிழைத்தார்.

நாம் செய்யக்கூடியவை

ஒன்று, ஆவணங்கள். அஸ்ஸாமில் பெயரின் எழுத்து ஆவணத்துக்கு ஆவணம் மாறியிருந்ததால் அல்லல்பட்டவர்கள் ஏராளம். நம் வீடுகளில் ஒருவரே ஓர் ஆவணத்தில் முகமது, இன்னொன்றில் முஹம்மது, வேறொன்றில் முகம்மது என்று இருப்பது சாதாரணம். பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, ஆதார், வாக்காளர் அட்டை, பத்திரம் ஆகியவற்றில் பெயரும் தந்தை பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். முதியவர்களின் ஆவணங்களை முதலில் எடுங்கள்.

இரண்டு, நாவு. ஒரு சமூகத்தை மொத்தமாகப் பூச்சி, பாம்பு, துரோகி என்று சொல்லும் எந்தச் செய்தியையும், அது நமக்குப் பிடித்த தரப்பிலிருந்தே வந்தாலும், அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். பிள்ளைகளிடம் "இந்துக்கள் இப்படி, யூதர்கள் இப்படி" என்று பொதுவாகப் பேசாதீர்கள். அந்த இயக்கங்களைப் பெயர் சொல்லிக் கண்டியுங்கள். ஒரு மக்கள் கூட்டத்தை அல்ல.

மூன்று, அண்டை வீடு. தெருவில் யார் யாரோடும் பேசுவதில்லை என்ற நிலை வந்தால், வதந்தியை மறுத்துச் சொல்ல ஆள் இருக்காது. பெருநாளிலும் பொங்கலிலும் தட்டு மாற்றிக்கொள்ளும் வழக்கத்தை நம் ஊர்கள் விட்டுவிடக் கூடாது.

நான்கு, மற்றவர் உரிமை. நாடற்ற அகதி, பழங்குடி, ஒடுக்கப்பட்ட சாதியினர் என்று யாருடைய உரிமை பறிக்கப்பட்டாலும், அது நம் பிரச்சினை இல்லை என்று இருந்துவிடக் கூடாது. சகோதரன் அநியாயம் செய்தால் அவன் கையைப் பிடித்துத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததை புகாரியில் காண்கிறோம். பிறர் அநியாயத்தைக் கண்டிக்கும் தகுதி, நம்மவர் அநியாயத்தையும் தடுப்பவருக்கே உண்டு.

மனிதர்களைச் சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே என்று திருக்குர்ஆனின் 49-ஆம் அத்தியாயம் 13-ஆம் வசனம் உணர்த்துகிறது. ப்ரியேதோரில் இப்போது ஒவ்வோர் ஆண்டும் மே 31 அன்று மக்கள் கையில் வெள்ளைப் பட்டை கட்டிக்கொண்டு தெருவில் நடக்கிறார்கள். அன்று கொல்லப்பட்ட 102 குழந்தைகளுக்கு ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. அந்த நடையில் முஸ்லிம்களோடு செர்பியர்களும் இருக்கிறார்கள்.

அநியாயம் செய்யாத, அநியாயத்துக்குத் துணைபோகாத சமுதாயமாக நம்மையும் நம் பிள்ளைகளையும் வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.